ருக்மணி அக்கா வெட்டிய சிடி

போன வாரம் ஒரு கறுப்பு மார்க்கர் பேனா வாங்கினேன். வீடு மாற்றுகிறோம். அட்டைப் பெட்டிகளின் மேல் "புத்தகம்", "புத்தகம்", "மறுபடியும் புத்தகம்" என்று எழுத வேண்டியிருந்தது. மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. காரமும் இனிப்புமாக, தின்னருக்கும் நாவல்பழத்துக்கும் நடுவில் ஒரு வாசனை. எனக்கு அது சிடி வாசனை. சிடிக்கு வாசனை கிடையாது என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். அதன் முதுகில் எழுதுகிற மைக்கு உண்டு. ஆரணியில் இருந்த அந்த மூன்று நான்கு வருடங்களில் அந்த மை என் வலது கை ஆள்காட்டி விரலைவிட்டுப் போனதே இல்லை.

2003-ஐ ஒட்டிய காலம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓர் அரிசி மண்டியின் மாடியில் நானும் பாஸ்கரும் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினோம். கீழே மூட்டை இறக்க இறக்க மேலே தவிட்டுத் தூசி வரும். சிடி டிரைவைத் திறந்து ஊதினால் மெல்லிய பொன்னிற மேகம் எழும். காலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு. மாலையில் லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் போட்டுக்கொள்ளும் இயங்குதளம். கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடியில் பிடித்த பித்து அது. எங்களைப்போல் பித்துப் பிடித்தவர்கள் ஊர்தோறும் இரண்டு பேர் இருந்தார்கள். ஆரணியில் அந்த இரண்டு பேர் நாங்கள்.

பட்டுப் புடவைக்கு டிசைன் போடும் மென்பொருள் அப்போது ஊருக்கு வந்துவிட்டிருந்தது. கம்ப்யூட்டரின் முதுகில் பூட்டு மாதிரி ஒரு குமிழைச் செருகினால்தான் அது திறக்கும். திருட்டு நகல் போட்டவர்களுக்கு வைரஸ் இலவசம். பாஸ்கர் அதைப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணும் பெரிய வித்த இல்ல" என்று சொல்லி, லினக்ஸில் ஓடும் ஒரு புரோகிராமை எழுத உட்கார்ந்தான். கட்டம் போட்ட திரையில் புடவையின் கரையையும் முந்தியையும் வரையலாம். எந்த அட்டையில் எங்கெங்கே ஓட்டை குத்த வேண்டும் என்று அது அச்சடித்துக் கொடுக்கும். அந்த அட்டைகளைக் கோத்துத் தறியின் மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், ஓட்டை சொல்கிறபடி பாவு நூல் எழும்பி, பூவும் கிளியும் ஜரிகையில் இறங்கும். புரோகிராமுக்குக் "கரை" என்று பெயர் வைத்தோம்.

பாஸ்கர் எழுதுவான்; நான் மூட்டை கட்டுவேன். பேக்கேஜிங் என்பதை நாங்கள் அப்படித்தான் சொன்னோம், மண்டிக்கு மேலே குடியிருந்த தோஷம். எழுதுவதைவிட மூட்டை கட்டுவது கஷ்டம் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். ஒரு புரோகிராம் தனியாக வாழாது. படம் வரைய ஒரு துணை நிரல் வேண்டும், எழுத்தைக் காட்ட இன்னொன்று, பிரிண்டரோடு பேச மற்றொன்று. அதில் ஒன்று இல்லாவிட்டாலும், இன்னது இல்லை என்று ஒற்றை வரி சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடும், சின்ன மாமனை அழைக்கவில்லை என்று காபியைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும் சம்பந்தி மாதிரி. தேசூரிலும் தெள்ளாரிலும் இருக்கிற ஆள் அந்தச் சின்ன மாமனை எங்கே போய்த் தேடுவார்? அதனால் எல்லாச் சொந்தபந்தத்தையும் நானே ஒரே சிடியில் ஏற்றிவிடுவேன். பிரவுசிங் சென்டரில் ஒரு துணை நிரல் இறங்கி முடிவதற்குள் ஒரு ரஷ்ய நாவலில் பாதியைப் படித்திருக்கிறேன். எந்த நாவலில் எந்த நிரல் என்றுகூடச் சொல்வேன், ஆனால் கேட்க மாட்டீர்கள்.

சிடியின் முதுகில் பெயர், பதிப்பு எண், தேதி மூன்றையும் எழுதாமல் நான் வெளியே விட்டதில்லை. "உன் கல்யாணப் பத்திரிகையிலகூட வெர்ஷன் நம்பர் போடுவடா நீ" என்பான் பாஸ்கர். பின்னாளில் என் பத்திரிகையில் மாமனார் பெயரில் பிழை வந்து இரண்டாம் தடவை அச்சடித்தபோது, மூலையில் சின்னதாக 1.1 என்று போட்டேன். அதைக் கண்டுபிடித்தவனும் அவன் ஒருவன்தான்.

எங்கள் முதல் தலைவலி கம்ப்யூட்டரில் இல்லை, ஊர் வழக்கத்தில் இருந்தது. ஆரணியில் ஒரு டிசைனை ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. அதிலும் அதே தெருவில் கொடுத்தால் பகை. ஏகாம்பரம் அண்ணன் சொந்தத் தறி வைத்து நெய்விப்பவர், வீட்டில் கம்ப்யூட்டரும் வாங்கியிருந்தார். சிடியைக் கையில் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இத வேற யாருக்குனா குடுத்துகிறியாப்பா?"

"இது எல்லாருக்கும்ணா. யார் வேணா காப்பி எடுத்துக்கலாம், யாருக்கு வேணா குடுக்கலாம். அதுக்கோசரமே செஞ்சது."

"எல்லாருக்கும் குடுக்கறத எனக்கு எதுக்குக் குடுக்கற?"

கட்டற்ற மென்பொருளைப் பற்றி நான் படித்திருந்த கட்டுரைகள் எதிலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பதிலைப் பாஸ்கர் கண்டுபிடித்தான். இரண்டு நாள் கழித்து வேறொரு சிடியைக் கொடுத்தான். அதில் கரை திறக்கும்போதே "ஏகாம்பரம் ஸ்பெஷல்" என்று மயில்நீலத்தில் பெயர் வரும். அண்ணன் சிரித்துக்கொண்டே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்பெஷல். உள்ளே இருக்கும் புரோகிராம் ஒன்றுதான். பதிப்பு எண்ணும் ஒன்றுதான். ஒரே எண்ணில் இத்தனை மூட்டைகளா என்று என் ரத்தம் கொதித்தது, ஆனால் சிடி ஊரெல்லாம் போனது.

ருக்மணி அக்காவுக்குப் போன ஸ்பெஷல்தான் எல்லாவற்றிலும் பெரியது. அக்கா ஆரணியில் ஒரு டிசைன் கடையில் பல வருடம் கிராஃப் தாளில் வரைந்தவர். அவர் வரைந்தது எல்லாம் கடைக்காரர் பெயரில் போகும். தேசூரில் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு, முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் அட்டை குத்துகிற மிஷினும் போட்டுத் தனியாக ஆரம்பித்தார். வீட்டுக்காரர் செய்யார் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போய் வருகிறவர். "என் பேரச் சொல்லி நாலு தறிக்காரன் பஸ் ஏறி வரணும் தம்பி" என்பார் அக்கா. இரண்டு வருடத்தில் நாலு பேர் என்ன, ஏகாம்பரம் அண்ணன் உட்பட ஒரு டஜன் பேர் வந்தார்கள்.

தேசூர் மின்வெட்டில் அவருடைய கம்ப்யூட்டர் இரண்டு தடவை படுத்துவிட்டது. அதனால் பாஸ்கர் அவருடைய டிசைன்களையும் புரோகிராமோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தான். ஒரு சிடியைப் போட்டால் கரையும் வரும், அவர் வரைந்த அத்தனையும் வரும். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார் அக்கா.

"உங்ககிட்ட ஒரு காப்பிகூட இருக்கக் கூடாது. நான் பாக்கவே அழிக்கணும்."

அவர் பார்க்கவே அழித்தான். இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் அப்போது காலை வகுப்பில், இல்லையென்றால் நாவலில்.

பிறகு ஒரு பிழை வெளிப்பட்டது. முந்தியை இடவலமாகத் திருப்பினால் கடைசி அட்டையைக் கரை விட்டுவிடுகிறது. பாஸ்கர் திருத்தினான். இந்தத் தடவை ஸ்பெஷல் எதுவும் கிடையாது, எல்லோருக்கும் ஒரே மூட்டை, 1.2 என்று நான் பிடிவாதமாக நின்றேன். மார்க்கரால் எழுதி, தபால் உறையில் போட்டு, அந்தந்த ஊர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். பஸ் வரும் நேரத்துக்கு நிறுத்தத்தில் நின்று வாங்கிக்கொள்வார்கள். மென்பொருளை அனுப்ப செர்வர், மிர்ரர், ரெபாசிட்டரி என்று உலகம் என்னென்னவோ வைத்திருந்தது. எங்களுக்கு தேசூர் பஸ். மறுநாளே அக்கா போன் செய்தார்: "போட்டுட்டேன் தம்பி. முந்தி இப்ப சுத்தமா வருது." அன்று முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆடி அமாவாசை போய் ஒரு வாரம் இருக்கும். ஆவணி முகூர்த்தத்துக்கு ஏகாம்பரம் அண்ணன் தறியில் ஒரு கல்யாணப் புடவை பாதி ஏறியிருந்தது. ருக்மணி அக்கா டிசைன். நடுவில் ஒரு அட்டை கிழிந்தது. கிழிவது சகஜம். டிசைன் போட்டவர் அதே அட்டையை மறுபடி குத்திக் கொடுப்பதும் சகஜம். அது விற்றதோடு சேர்ந்த வாக்கு. அண்ணன் இரண்டு துண்டையும் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் தேசூருக்குப் போனார். அக்கா கரையைத் திறந்தார். டிசைன் பட்டியலில் மூன்றே மூன்று இருந்தன.

அக்கா போன் செய்ததும் நாங்கள் பஸ் பிடித்துப் போனோம்; வழியில்தான் பாஸ்கர் அந்த மூட்டையைப் பற்றி என்னிடம் சொன்னான். அங்கே அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"மூணு இருக்குது. மத்தது எல்லாம் எங்க தம்பி?"

பாஸ்கர் தட்டித் தட்டிப் பார்த்தான். எனக்கு அவனுடைய தோளைப் பார்த்தே தெரிந்துவிட்டது. லினக்ஸ் மூட்டைகளில் ஒரு நேர்மை உண்டு. புது மூட்டை வந்தால், பழைய மூட்டையில் வந்த பொருள்களில் எது புதியதில் இல்லையோ அதைத் துடைத்து எடுத்துவிடும். பழைய குடித்தனக்காரரின் சாமானை வைத்திருக்காது. அக்காவின் டிசைன்கள் பழைய மூட்டைக்குள் வந்தவை. என் 1.2-இல் அவை இல்லை. அதற்குப் பிறகு அவர் வரைந்த மூன்று மட்டும் தனியாகக் கிடந்ததால் தப்பின; புதுசைச் சோதிக்க அன்று அக்கா திறந்ததும் அதில் ஒன்றைத்தான். யாரும் எதையும் தவறாக அழுத்தவில்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

"பழைய சிடி இருக்குது இல்லக்கா? அதுல எல்லாம் இருக்கும்" என்றேன், கொஞ்சம் தெம்பாகவே.

அக்கா அலமாரியிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தார். உள்ளே சிடி இருந்தது. சரிபாதியாக, இரண்டு துண்டாக.

"புதுசு ஓடுதுன்னு தெரிஞ்சதும் வெட்டிட்டேனே தம்பி."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புது அட்டை குத்தினால் பழைய அட்டையைக் கத்தரியால் இரண்டாக வெட்டிவிட்டுத்தான் போடுவார்கள், குப்பையிலிருந்து எடுத்து வேறு யாரும் நெய்துவிடக் கூடாதே. சிறுவயதிலிருந்து வெட்டிய கை, சிடியையும் வெட்டிவிட்டது. உலகத்தில் வேறெந்த ஊரிலும் ஒரு பேக்கப் இப்படி அழிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஏகாம்பரம் அண்ணன் ஒரு துண்டை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தார். "நேராதான் வெட்டிகிற" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, "ஒரு அட்டை கேட்டு வந்தவருக்குக் குடுக்க முடியலன்னா, நாளைக்கி எவன் பஸ் ஏறி வருவான்? மறுபடியும் அந்தக் கடையிலயே போய் உக்காரணுமா நானு?" என்றார். எங்களைக் கேட்ட மாதிரி இல்லை.

முதலில் அந்த ஒரு அட்டை. எல்லோரும் ஆரணிக்கு வந்தோம். கிழிந்த துண்டுகளைச் சேர்த்து வைத்தால், கிழிசல் ஓடிய வரிசையைத் தவிர மற்ற ஓட்டைகள் தெரிந்தன. தெரியாதவற்றைப் புடவையே சொல்லும். அதே அட்டை ஏற்கெனவே பல தடவை ஓடி, அந்தப் பூ நெய்யப்பட்டிருக்கிறதே. அக்கா தறியில் குனிந்து, நூல் எண்ணுகிற சின்னக் கண்ணாடியைக் கரையின் மேல் வைத்துச் சொல்லச் சொல்ல, நான் பென்சிலால் குறித்தேன். புது அட்டையில் அவற்றைக் கையாலேயே குத்தி மாட்டினோம். சாயங்காலம் தறி ஓடியது. அப்போதுதான் பாஸ்கர் நிமிர்ந்து மேலே பார்த்தான். ஜக்கார்டிலிருந்து மாலை மாலையாக அட்டைகள் தொங்கின.

"அக்கா, உங்க டிசைன் எங்கயும் போகல. ஊரெல்லாம் தொங்கிகினுதான் இருக்குது."

விற்ற டிசைன் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தறியில் அட்டையாக இருக்கிறது. அதைப் படித்து மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும். சொல்வது எளிது. ஏகாம்பரம் அண்ணன் முகம் மாறியது.

"அட்டைய கழட்டி உங்க கடைக்கு எடுத்தாறணுமா? வழியில நாலு பேரு பாப்பான். அப்புறம் தெருவெல்லாம் என் கரைதான்."

அக்கா சொன்னார்: "அண்ணா, இன்னைக்கி ஒண்ணு கிழிஞ்சுது, துணியப் பாத்து எண்ணினோம். நாளைக்கி எலி கடிச்சு பத்து போச்சுன்னா? என்கிட்ட இருந்தாதான் உனக்கும் இருக்கும்."

அண்ணன் வெற்றிலையை மென்று முடித்தார். "அரிசி மூட்டைல போட்டு எடுத்தாறேன்" என்றார் கடைசியில். "வேற எவனும் அங்க இருக்கக் கூடாது."

அந்த ஆவணி முழுக்க எங்கள் மாடிக்கு அரிசி மூட்டைகள் ஏறின. அக்கா தினம் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். தறிக்காரர்கள் புடவை இறங்கியதும், அடுத்த பாவு ஏற்றுவதற்குள், ஒருவர் மற்றவரைப் பார்க்காதபடி தனித்தனி நேரத்தில் வர ஏற்பாடு. நேரம் குறித்துக் கொடுப்பது என் பொறுப்பு, கேட்க வேண்டுமா? அப்படியும் ஒருநாள் படிக்கட்டில் இருவர் எதிரெதிரே மாட்டிக்கொண்டார்கள். இருவர் தோளிலும் சாக்கு.

"இன்னாபா, மூட்டை?"

"அரிசி. உனுது?"

"எனுதும் அரிசிதான்."

ஒருவர் மண்டியிலிருந்து மாடிக்கு அரிசி ஏற்றுகிறார், இன்னொருவர் மாடியிலிருந்து மண்டிக்கு இறக்குகிறார். இருவரும் மிக மரியாதையாக வழிவிட்டுக்கொண்டார்கள். கீழே மூட்டை தூக்குகிறவர் மட்டும் கேட்டார்: "மேல இன்னா, ஓட்டலு வெக்கறீங்களா?"

அட்டையைப் படிக்கப் பாஸ்கர் ஒரு வழி செய்தான். அட்டையின் அளவுக்கே திரையில் வெள்ளைக் கட்டங்கள் வரும். அட்டையை அப்படியே மானிட்டர் கண்ணாடியில் பொருத்திப் பிடித்தால் ஓட்டைகள் மட்டும் ஒளிரும். மவுஸின் அம்புமுனை ஓட்டைக்குள் தலை நீட்டும்போது அழுத்த வேண்டியதுதான். அந்தக் கால மானிட்டருக்குத் தொப்பை உண்டு. ஓரத்து ஓட்டைகள் சற்று விலகும். அங்கே அக்கா வாயால் சொல்வார்: "குத்து, குத்து, விடு, குத்து, விடு, விடு." மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது தாலாட்டு மாதிரி இருக்கும். ஒருநாள் நான் தூங்கி, ஒரு கிளிக்கு மூக்கு இல்லாமல் போய்விட்டது. அக்கா கண்டுபிடித்துத் திருத்தினார்.

டிசைன்கள் திரும்பி வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. அது ஒரு ருத்ராட்சக் கரை. வாங்கிய தெள்ளார்க்காரர் பட்டு நெசவை விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார், அட்டை வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டது. தை மாதம் வந்தவாசியில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளையின் அத்தை கட்டியிருந்த புடவையில் அக்கா அதைப் பார்த்துவிட்டார். பந்தியில் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்து, "ரெண்டு நாழி பேச்சுக் குடுத்துகினே எண்ணிட்டேன்" என்றார். "அவங்களுக்கு என்னிய ரொம்பப் பிடிச்சிப் போச்சு. வீட்டுக்குக் கூப்புடறாங்க."

நானும் பாஸ்கரும் மூட்டையை முழுவதும் பிரித்துக் கட்டினோம். புரோகிராம் ஒரு வீடு. அது எங்களுடையது, எப்போது வேண்டுமானாலும் வெள்ளையடிப்போம். வரைந்தது வேறு வீடு. அதன் வாசலை எங்கள் மூட்டை மிதிக்கக் கூடாது. பெயர் போட்ட மயில்நீலத் திரையும் அந்த இரண்டாம் வீட்டுக்குப் போனது. ஸ்பெஷலும் இருந்தது, பதிப்பும் ஒன்றானது. டிசைனுக்குத் தனியாக ஒரு நகல் சிடி. அதை வெட்டக் கூடாது என்று அதன் முதுகிலேயே பெரிதாக எழுதினேன். பெரிய பெரிய நிறுவனங்களின் மென்பொருள்களிலும் இந்த வேலியை அவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

அந்தச் சுத்தம்தான் கரையை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோனது. முகம் தெரியாத ஒருவர், குளிர் தேசத்துக்காரர், நாங்கள் இணையத்தில் ஏற்றியிருந்த மூட்டையை எடுத்துப் பார்த்து, இரண்டு திருத்தம் சொல்லி, ஒரு பெரிய லினக்ஸ் தொகுப்பிலேயே சேர்த்துக்கொண்டார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு கட்டளையில் எடுத்துக்கொள்ளலாம். நான் அதை ஏகாம்பரம் அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"இப்ப எத்தினி பேருக்குக் குடுத்துகிற?"

"உலகத்துக்கே குடுத்துட்டோம்ணா."

வாசல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தார். "இந்தத் தெருவுல?"

"உங்களுக்கு மட்டும்தான்."

"அப்ப சரி" என்றார்.

சென்டர் இப்போது இல்லை. மண்டிக்காரர் மாடியை இடித்துக் கட்டிவிட்டார். பாஸ்கர் சென்னையில் வேலையில் இருக்கிறான். ஏகாம்பரம் அண்ணனின் தறிகளில் அட்டையே கிடையாது, எலக்ட்ரானிக் ஜக்கார்டு. ருக்மணி அக்கா தேசூரிலேயேதான் இருக்கிறார். வாசலில் இப்போது போர்டு உண்டு, அவர் பெயரில். கரையும் இருக்கிறது. யார் யாரோ திருத்துகிறார்கள். பதிப்பு எண் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது.

பெட்டிகளில் எழுதி முடித்த அன்று அக்காவுக்குப் போன் செய்தேன். புதுப் பதிப்பு வந்திருக்கிறதே, போட்டீர்களா என்று கேட்டேன்.

"அதுவா வந்து அதுவா போட்டுக்குது தம்பி. எப்ப வருதுன்னே தெரியல."

"பழசு?"

"பழசா?" என்று இழுத்தார். "வெட்டறதுக்கு கைல ஒண்ணும் இருக்கறதில்லியே."

மார்க்கரை மூடிப் பெட்டிக்குள் போட்டேன். எந்தப் பெட்டி என்று எழுத மறந்துவிட்டேன்.